கேட் பூட்டியாச்சு

போனை எடுத்துக் காதில் வைப்பதற்குள் ஸ்டேஷன் மாஸ்டர் பேசி முடித்துவிட்டிருந்தார். "இருபத்தேழு. சரிண்ணே, குறிச்சுக்கிட்டேன்," என்று ஒரு கொட்டாவிக்கு நடுவில் சொன்னார். லைன் கட்டாகிவிட்டது.

கேட்காரர் இன்னும் வாயையே திறக்கவில்லை.

ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். மணி ஐந்து இருபது. பன்னிரண்டு மணி நேர டூட்டியில் பதினொன்றைத் தாண்டியாகிவிட்டது. வெளியே பனி இறங்கியிருந்தது. சாதாரணப் பனி இல்லை, ஜன்னலுக்கு வெளியே யாரோ வெள்ளைச் சீலையைத் தொங்கவிட்ட மாதிரி. தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் ஜல்லியில் விழும் சத்தம், ஈர இரும்பின் வாடை, பழைய போனுக்குள் எப்போதும் கேட்கும் வண்டு ரீங்காரம், இவற்றைத் தவிர உலகத்தில் எதுவும் மிச்சமில்லை போலிருந்தது.

மேஜைமேல் நம்பர் தாள் இருந்தது. கேட் வேலையின் உயிரே அந்தத் தாள்தான். ரயில் வருமுன் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். இவர் வெளியே போய் வின்ச் என்ற கைச்சக்கரத்தைச் சுற்றி, சாலையின் இரண்டு பக்கமும் கட்டையை இறக்கி, பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வந்து, தாளில் அடுத்து இருக்கும் நம்பரைப் படிக்க வேண்டும். படித்த நம்பரைப் பேனாவால் அடித்துவிட வேண்டும். அந்த நம்பரைக் குறித்துக்கொண்ட பிறகுதான் ஸ்டேஷன் மாஸ்டர் ரயிலுக்கு சிக்னல் கொடுப்பார். வரிசையில்லாமல் கன்னாபின்னாவென்று அச்சடித்த இரட்டை இலக்க எண்கள். அடுத்தது என்ன என்று தாளை வைத்திருப்பவனைத் தவிர யாருக்கும் தெரியாது. கேட்டில் ஆள் இருக்கிறான், முழித்திருக்கிறான், பூட்டிவிட்டான் என்பதற்கு அதுதான் சாட்சி.

கடைசியாக அடித்திருந்தது அறுபத்திரண்டு. அதற்கு அடுத்த நம்பர் இருபத்தேழு. அடிக்காமல் இருந்தது.

'தூக்கக் கலக்கத்துல நானே சொல்லியிருப்பேன்' என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அதை அடித்தார். போய்க் கட்டையை இறக்கினார். ரயில் வந்தது, போனது. கட்டையைத் தூக்கினார். மனசு மட்டும் அடங்கவில்லை.

ஆறு மணிக்கு மாற்று ஆள் வரவேண்டும். மாற்று ஆளுக்கு எல்லோரும் வைத்திருக்கும் பெயர் 'லேட்டு'. கட்டிய பெண்டாட்டியே அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி. ஆறு அடித்தது. ஆறேகால் ஆனது. லேட்டு வரவில்லை. தன் கல்யாணத்துக்கே தாலி கட்டும் நேரம் முடிந்து வந்தவன் கேட்டுக்கா நேரத்தில் வரப்போகிறான் என்று கேட்காரர் வாய்விட்டுத் திட்டினார். திட்டினால்தான் தூக்கம் வராது.

பேப்பர் போடுகிறவன் சைக்கிளில் கேட்டைக் கடந்து போனான். அவனுடைய மணிச் சத்தம் பனிக்குள் அமுங்கிப் போவதைக் கேட்டுக்கொண்டே பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றினார். டம்ளரில் டீ நடுங்கியது. முதலில் தன் கைதான் நடுங்குகிறது என்று நினைத்தார். டம்ளர் மேஜைமேல் இருந்தது.

வெளியே ஓடினார். கட்டைகள் இரண்டும் வானத்தைப் பார்த்து நின்றன. கேட் ஆவென்று திறந்து கிடக்க, பனியைக் கிழித்துக்கொண்டு எஞ்சின் வெளியே வந்தது. கூட்ஸ் வண்டி. ஒவ்வொரு பெட்டியாகத் தடதடவென்று, சூடான பிரேக் வாடையோடு, இவர் முகத்துக்கு எதிரே ஓடிக்கொண்டே இருந்தது. சைக்கிள்காரன் அரை நிமிஷம் பிந்தியிருந்தால்.

உள்ளே வந்து போனின் கைப்பிடியைச் சுற்றினார்.

"சார், கூட்ஸ் போகுது! கேட் தொறந்து கெடக்கு! ஏன் சார் எனக்குச் சொல்லல?"

"சொன்னேனே. நீங்கதானே எடுத்தீங்க? கேட் பூட்டியாச்சு சார், எம்பத்தி மூணுன்னீங்க."

தாளைப் பார்த்தார். இருபத்தேழுக்கு அடுத்தது எண்பத்து மூன்று.

"நான் சொல்லல சார்."

"உங்க குரல் எனக்குத் தெரியாதாண்ணே? பூட்டியாச்சுன்னு சொல்றப்ப ஒரு இழுவை இழுப்பீங்களே, அதைக்கூட இழுத்தீங்க."

"சார், சத்தியமா நான் இல்ல. இங்க போனே அடிக்கல."

ஸ்டேஷன் மாஸ்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். வயதில் சின்னவர், ஆனால் அந்தக் குரலில் அது தெரியவில்லை. "அண்ணே, நம்பரை முதல்ல குடுத்துட்டு கேட்டை அப்புறமா சாத்துற பழக்கம் உங்களுக்கு உண்டு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? போனாப் போகுதுன்னு விட்டேன். இன்னிக்குக் கேட்டை மறந்துட்டீங்க. அதை என் தலையில கட்டாதீங்க."

அவர் சொன்னது உண்மை, கேட்காரருக்கு அதுதான் வயிற்றெரிச்சல். நம்பர் கொடுத்த பிறகு ரயில் வர எட்டு நிமிஷம் ஆகும். எட்டு நிமிஷமும் கட்டையைப் போட்டு வைத்தால் சாலையில் நிற்பவன் இவருடைய ஏழு தலைமுறையை இழுப்பான். அதனால் நம்பரை முதலில் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிஷம் வண்டிகளை விட்டுவிட்டு, கடைசியில் கட்டையை இறக்குவார். பதினோரு வருஷமாக ஒரு குறையும் வந்ததில்லை. ஊருக்கு உபகாரம் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது மேலே புகார் எழுதினால் முதலில் மாட்டுவது இவர்தான்.

"சரி சார். லேட்டை உடனே அனுப்பி வைங்க. என்னால முடியல."

"என்னண்ணே விளையாடுறீங்களா? அஞ்சரைக்கு நீங்கதானே போன் பண்ணி, லேட்டு வரவேணாம், நானே ரெண்டு டூட்டியும் பாத்துக்கறேன்னீங்க? அவரை வீட்டுலயே இருக்கச் சொல்லிட்டேன். அவரு போனையும் அணைச்சுட்டுப் படுத்திருப்பாரு. தூங்கப் போற ஆளை இனிமே எங்க புடிக்கிறது?"

"நான் எப்ப சார்..."

"முகத்தைக் கழுவிட்டு வேலையைப் பாருங்கண்ணே."

வைத்துவிட்டார். செவிடன் காதில் ஊதிய சங்குகூடப் பரவாயில்லை, செவிடன் திருப்பித் திட்டமாட்டான்.

கேட்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நின்றது. ஏழரைக்குப் பள்ளி வேன் வரும். வேனை ஓட்டுகிறவன் இவர் மனைவியின் தம்பி. முன் சீட்டில், மாமனுக்குப் பக்கத்தில், இவருடைய மகள் உட்கார்ந்திருப்பாள். ஏழு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷம் காத்திருந்து பிறந்தவள். தினமும் இந்தத் தண்டவாளத்தைத் தாண்டித்தான் அந்த வேன் போகிறது.

மச்சானுக்கு செல்போனில் அடித்துப் பார்த்தார். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தவர் இவர்தான். இந்த ஒரு விஷயத்திலாவது பயல் பேச்சைக் கேட்கிறான் என்று பெருமைப்படவா முடியும்?

எழுந்தார். போய் வின்ச்சைச் சுற்றினார். கட்டைகள் இறங்கின. பூட்டினார். சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டு, பொத்தானையும் மாட்டினார். யார் வேண்டுமானாலும் எந்த நம்பரையும் சொல்லிக்கொள்ளட்டும். எந்த ரயிலும் எப்போதும் வரட்டும். பூட்டின கேட் பூட்டினபடி இருக்கும். உயிருள்ள ஒரு மனுஷன் வந்து கண்ணெதிரே நிற்கும்வரை திறப்பதில்லை. உள்ளே வந்து ரிசீவரை எடுத்து மேஜைமேல் படுக்க வைத்தார். இனி இந்த வழியாக ஒருத்தரும் பேச முடியாது.

கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது.

பிறகு வண்டிகள் சேர ஆரம்பித்தன. முதலில் ஒரு பால் லாரி, அதன் பின்னால் மோட்டார் சைக்கிள்கள், ஒரு டெம்போ, அதற்குப் பின்னால் பனிக்குள் மஞ்சள் மஞ்சளாக மங்கிய விளக்குகள். ஹார்ன் சத்தம். ஒன்று நின்றால் ஒன்று. ஆறு ஐம்பதுக்கு ஒரு பாசஞ்சர் ரயில் சொல்லாமல் கொள்ளாமல் கடந்து போனது. பார்த்தீர்களா என்பதுபோல் கேட்காரர் சாலையைப் பார்த்தார். அவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

"அதான் ரயில் போயிருச்சே, தொறய்யா!" என்றார் லாரி டிரைவர்.

"இன்னொண்ணு வருது."

"எங்க வருது?"

"வரும்."

ஏழு பத்து. ஏழு இருபது. எதுவும் வரவில்லை.

"யோவ், ரயில் வந்தா கேட்டைச் சாத்துவாங்களா, நீ கேட்டைச் சாத்தினா ரயில் வருமா?" என்று லாரி டிரைவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் கோபம் இருந்தது. ஸ்கூட்டரில் நின்ற ஒரு பெண், "எங்க நேரமெல்லாம் நேரமில்லையா? சம்பளத்தைப் பிடிச்சா நீங்களா தருவீங்க?" என்றாள். கேட்காரருக்கு அழுகை வரும்போல் இருந்தது. சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். என்னவென்று சொல்வது? என் குரலில் யாரோ பேசுகிறார்கள், அதனால் நீங்கள் நில்லுங்கள் என்றா?

"கொஞ்சம் பொறுங்கம்மா. உங்க நல்லதுக்குத்தான்."

"இப்பதான அந்தப் பக்கம் நின்னு, அஞ்சு நிமிஷத்துல தொறந்துடறேன்னு சொன்னீங்க?"

"எந்தப் பக்கம்?"

"அதோ, பின்னால. ஒவ்வொரு வண்டியா பாத்துக்கிட்டே போனீங்களே."

அவள் கைகாட்டிய இடத்தில் பனிதான் இருந்தது.

"நான் இங்கிருந்து நகரவே இல்லம்மா."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பக்கத்து வண்டிக்காரனிடம் திரும்பி, "குடிச்சிருக்காரு போல," என்றாள்.

அப்போது அறைக்குள் போன் அடித்தது.

ரிசீவரை எடுத்து மேஜைமேல் வைத்திருந்த போன். ஒரு முறை அடித்தது. இரண்டாவது முறை பாதியில் நின்றது. யாராவது எடுத்தால் நிற்குமே, அப்படி.

கேட்காரர் அறை வாசலில் நின்றார். உள்ளே யாரும் இல்லை. ரிசீவர் அதன் இடத்தில், ஒழுங்காக, மாட்டியிருந்தது. தொட்டார். காதுவைக்கும் இடம் வெதுவெதுப்பாக இருந்தது. வாய்வைக்கும் இடத்தில் ஆவி படிந்திருந்தது. தாளைப் பார்த்தார். எண்பத்து மூன்று அடித்திருந்தது. அதற்கடுத்த பதினாறும் அடித்திருந்தது. கோட்டின் முடிவில் ஒரு சின்னக் கொக்கி. இவர் போடும் கொக்கி. மை இன்னும் காயவில்லை.

பதினாறு. பாசஞ்சருக்குக் கொடுத்ததாக இருக்கலாம். ஆனால் மை காயவில்லையே.

சாலையில் புதிதாக ஒரு ஹார்ன் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. மச்சானின் வேன்.

கேட்காரருக்கு உயிர் வந்தது. ஓடினார். கட்டைக்கு அடியில் குனிந்து வெளியே வந்து, லாரியைத் தாண்டி, டெம்போவைத் தாண்டி, வசவுகளைத் தாண்டி ஓடினார். வேனைத் திருப்பச் சொல்லவேண்டும். பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகட்டும். பள்ளிக்கு லேட்டானால் ஆகட்டும். பிள்ளை இந்தத் தண்டவாளத்துப் பக்கமே வரவேண்டாம்.

வேன் வரிசையின் கடைசியில் நின்றது. மச்சான் கண்ணாடியை இறக்கினான்.

"என்ன மாமா, திரும்ப வந்துட்டீங்க?"

முன் சீட் காலியாக இருந்தது.

"பாப்பா எங்க?"

மச்சான் சிரித்தான். "என்ன மாமா?"

"பாப்பா எங்கடா?"

"நீங்கதானே கூட்டிட்டுப் போனீங்க? கேட் தொறக்க நேரமாகும், அதுவரைக்கும் எங்கூட இருக்கட்டும்னு. நீங்கதானே தூக்கி எறக்குனீங்க?" பின் சீட்டுப் பிள்ளைகள் தலையாட்டினார்கள். ஒரு பையன், "அங்கிள், நீங்க அவ பையைக்கூட மாட்டிக்கிட்டீங்க," என்றான்.

கேட்காரர் தன் தோளைத் தொட்டுப் பார்த்தார். ஏன் தொட்டார் என்று அவருக்கே தெரியவில்லை.

கேட்டைப் பூட்டியிருக்காவிட்டால் வேன் நின்றிருக்காது. இந்நேரம் தாண்டிப் போயிருக்கும். இவர்தான் நிறுத்தினார். பார்த்துப் பார்த்து, பூட்டி, சாவியைப் பொத்தான் போட்டு வைத்து, அவளை இங்கே நிறுத்தினார்.

"எந்தப் பக்கம் போனாங்க?"

"என்ன மாமா கேக்கறீங்க... உங்க ரூமுக்குத்தான்."

ஓடினார். அறையில் யாரும் இல்லை. மேஜைக்கு அடியில் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார். பனி அதை வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை.

போன் அடித்தது.

பாய்ந்து எடுத்தார். பேச வாயெடுக்கும் முன்பே லைனில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"எக்ஸ்பிரஸ் வருதுண்ணே. கேட் போட்டாச்சா?"

"கேட் பூட்டியாச்சு சார்." அது கேட்காரரின் சொந்தக் குரல். அந்த இழுவையோடு. "நம்பர்... நீ படி கண்ணு."

காகிதம் சரசரத்தது. ஒரு சின்னக் குரல், எழுத்துக் கூட்டுவதுபோல் நிறுத்தி நிறுத்தி, "அம்பத்தி... ஒம்போது," என்றது.

ஸ்டேஷன் மாஸ்டர் சிரித்தார். "யாரு, பாப்பாவா?"

"ஆமா சார். பக்கத்துல உக்காந்திருக்கா."

"சார்!" கேட்காரர் கத்தினார். "சார், அது நான் இல்ல! சிக்னல் குடுக்காதீங்க! வண்டியை நிறுத்துங்க சார்! என் பொண்ணு சார்!"

"என்னண்ணே, லைன்ல யாரோ கத்துற மாதிரி இருக்கு?"

"இரைச்சல் சார்," என்றது அவர் குரல். "பனி இல்லையா. காலையிலேருந்து இப்படித்தான்."

"சரிண்ணே. அம்பத்தி ஒம்போது. சிக்னல் குடுத்துட்டேன்."

லைன் கட்டாகிவிட்டது.

கைப்பிடியைச் சுற்றினார். சுற்றினார். யாரும் எடுக்கவில்லை. சிவப்பு விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தார். எட்டு நிமிஷம். எட்டு நிமிஷம் இருக்கிறது. எந்தப் பக்கம்? தூரத்தில் ஹார்ன் கேட்டது. கிழக்கே. ஸ்லீப்பர் கட்டைகள்மேல் ஓடினார். ஜல்லி சறுக்கியது. விழுந்தார். எழுந்தார். விளக்கை ஆட்டிக்கொண்டே ஓடினார். பின்னால் ஹார்ன்கள். லாரிக்காரன் ஏதோ திட்டினான். கேட்கவில்லை. மூச்சு. தன் மூச்சு மட்டும். தண்டவாளம் முணுமுணுக்கத் தொடங்கியது.

முன்னால் ஒரு வெளிச்சம். மஞ்சளாக. சதுரமாக.

ஜன்னல்.

பனி விலகி வழி விட்டது. தண்டவாளத்துக்கு நடுவே, இரண்டு இரும்புக்கும் இடையில், ஓர் அறை நின்றது. தகரக் கூரை. கூரையிலிருந்து சொட்டும் நீர். திறந்த ஜன்னல். அவருடைய அறை.

உள்ளே மேஜையோரம் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். முதுகு தெரிந்தது. காதில் ரிசீவர். தோளில் ஒரு சின்னப் பள்ளிப்பை. ஸ்டூலில் மகள் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கையில் பேனா. தாளில் ஒரு கோடு போட்டாள். கோட்டின் முடிவில் கொக்கியும் போட்டாள்.

"பாப்பா! எறங்கு! வெளிய வா!"

அவள் தலையைத் தூக்கினாள். அவரைப் பார்த்தாள். தெரியாத ஆளைப் பார்க்கும் பார்வை. தண்டவாளத்தில் சிவப்பு விளக்கை ஆட்டிக்கொண்டு, ரத்தம் வழியும் முழங்காலோடு, யாரோ ஒரு ஆள் கத்திக்கொண்டு வருகிறான். பயந்துபோய்ப் பக்கத்தில் நின்றவனின் சட்டையைப் பிடித்தாள்.

அவன் திரும்பாமலே குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னான்.

அறைக்குப் பின்னால் எஞ்சின் விளக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. மகள் ஸ்டூலிலிருந்து இறங்கி, நுனிக்காலில் எட்டி, ஜன்னலைச் சாத்தி, உள்ளே கொக்கியை மாட்டினாள்.